தோட்டத்தில் காட்டு முயல்: பெங்களூர் சுற்றுவட்டாரத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆனேக்கல், அத்திபெலே, சர்ஜாபூர், ஹொஸ்கோட்டே, தொட்டபள்ளாபூர் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, வார நாட்களில் வேலை, வார இறுதியில் விவசாயம் என்று இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. பீன்ஸ் முளைத்து நாலு இலை விட்டதும் ஒரு நாள் காலையில் பாத்தி மொட்டையாகக் கிடக்கும். தோட்டக்காரர் "முயல் சார், கண்ணி வச்சா ரெண்டே நாள்ல மாட்டிக்கும்" என்பார். அந்தக் கட்டத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆனேக்கல் பக்கம் நானும் அவரையும் கேழ்வரகும் போடுகிறவன்தான். கண்ணியும் கூண்டும் இல்லாமலே பயிரைக் காப்பாற்ற முடியும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

என் சொந்த நிலத்தில் முயல் பிடிக்கக் கூண்டு வைக்கலாமா?

கூடாது. பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், பயிர் உங்களுடையதாக இருக்கலாம். முயல் உங்களுடையது இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. காட்டுக்குள் இருக்கிறதா, வயலில் இருக்கிறதா, உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறதா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

கொல்லப் போவதில்லை. உயிரோடு பிடித்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கம் விட்டுவிடலாமே?

நல்ல எண்ணத்தில்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். ஆனால் இதுவும் குற்றம்தான். அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவு வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது, விஷம் வைப்பது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை வைத்து இழுப்பது, நாய் விட்டுத் துரத்துவது எல்லாமே அடக்கம். "அதற்கான ஒவ்வொரு முயற்சியும்" என்றும் சேர்த்திருக்கிறார்கள். அதாவது கூண்டில் எதுவும் மாட்டாவிட்டாலும், வைத்ததே குற்றம்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பலன் இல்லை. காட்டு முயல் மிரட்சியிலேயே செத்துப்போகிற பிராணி. கூண்டுக்குள் முட்டி மோதி மூக்கு கிழிந்து, வண்டியில் ஏற்றி இறக்குவதற்குள் உயிர் போய்விடலாம். பிழைத்தாலும் தெரியாத இடத்தில் ஒளியப் புதர் எங்கே, நாய் எங்கே என்று அதற்குத் தெரியாது. இங்கே காலியான இடத்துக்கு அடுத்த முயல் வந்துவிடும். உங்கள் தோட்டத்தில் பச்சை இருக்கிறது, பக்கத்தில் புதர் இருக்கிறது. அந்த இரண்டும் இருக்கும்வரை வரத்து நிற்காது.

யூடியூபில் வெளிநாட்டு விவசாயிகள் முயல் பொறி வைக்கிறார்களே, அங்கே மட்டும் எப்படி?

அது வேறு பிராணி, வேறு சட்டம், வேறு கதை. அவர்கள் பிடிப்பது ஐரோப்பிய முயல். மண்ணில் வளை தோண்டி, கூட்டமாகக் குடித்தனம் நடத்துகிற இனம். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் வேட்டை விளையாட்டுக்காக சுமார் இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். அது பெருகி நாடு முழுக்கப் பரவி, மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901இல் தொடங்கி 1907இல் முடித்த முயல் தடுப்பு வேலியில் முதல் வேலி மட்டுமே 1,800 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் போதாமல் 1950இல் முயலைக் கொல்லும் மிக்சோமா என்ற வைரஸையே பரப்பினார்கள். அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத பிராணி என்பதால் அங்கே அதை ஒழிப்பது அரசாங்கக் கொள்கை. இங்கிலாந்திலும் 1954இல் வந்த ஒரு சட்டம், நிலத்தில் உள்ள முயலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை நிலத்தை வைத்திருப்பவர் மேலேயே போட்டது.

நம் வயலுக்கு வருவது இந்த மண்ணின் பிராணி. பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள இந்தியக் காட்டு முயல். வளை தோண்டாது, கூட்டமாக வாழாது. வளை வாயிலில் பொறி வைக்கிற அந்த ஊர் நுணுக்கம் எதுவும் இதனிடம் செல்லாது. கேரட் போட்டுக் கூண்டு வைத்தாலும், சுற்றிலும் பச்சைப்பயிர் இருக்கும்போது இரும்புப் பெட்டிக்குள் நுழைய அதற்கு என்ன தலையெழுத்து?

எங்கள் வரப்பில் வளை வளையாக இருக்கிறதே, அது முயல் வளை இல்லையா?

இல்லை. அது எலி, வெள்ளெலி அல்லது பெருச்சாளி. காட்டு முயல் பகலில் புல் பத்தையிலோ உண்ணிச்செடிப் புதரின் அடியிலோ, தன் உடம்பு பதிந்து பதிந்து உண்டான ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். காதை முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். நீங்கள் மிதிக்கப் போகிற கடைசி நொடியில்தான் எழுந்து பாயும். எழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் புல் இன்னும் கதகதப்பாக இருக்கும்.

முயல்தான் தின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். பாதிப் பேர் முயலைத் திட்டிக்கொண்டு இருக்கும்போது தின்றது வேறு ஏதோவாக இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன், தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன், பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் வெட்டு. முயல் கடித்த தண்டு, பிளேடால் சாய்வாகச் சீவினது போல இருக்கும். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று உளி மாதிரிப் பல் அதற்கு. மேல் ஜோடிக்குப் பின்னால் இன்னும் இரண்டு சின்னப் பற்கள் மறைந்திருக்கும். எலி இனத்துக்கு அது கிடையாது. மாடும் ஆடும் கடித்தால் தண்டு கிழிந்து நார் நாராகத் தொங்கும். சில சமயம் செடி வேரோடு வந்துவிடும்.

அடுத்து, வெட்டிய துண்டு எங்கே போனது? மண்மட்டத்தில் தண்டு அறுபட்டு, செடி அப்படியே பக்கத்தில் வாடிக் கிடந்தால் அது வெட்டுப்புழு. மண்ணை விரலால் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும். முயல் வெட்டினதைத் தின்றுவிடும், தரையில் கட்டை மட்டும் நிற்கும். விதையே தோண்டப்பட்டு முளை இழுத்துப் போடப்பட்டிருந்தால் மயில் அல்லது கௌதாரி.

பிறகு புழுக்கை. முயல் புழுக்கை உருண்டை, லேசாகத் தட்டையானது. காய்ந்ததும் பழுப்பாகி, நசுக்கினால் வைக்கோல் பொடி போல உதிரும். ஆட்டுப் புழுக்கை நீளவாக்கில், கறுத்து, கும்பலாகக் கிடக்கும்.

ஈர மண்ணாக இருந்தால் தடமும் சொல்லும். தாவும்போது பின்னங்கால் இரண்டும் முன்னே வந்து பக்கம் பக்கமாகப் பதியும். சின்ன முன்னங்கால் தடங்கள் அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். வேலியில் எந்த இடுக்கில் வருகிறதோ, தினமும் அதே இடுக்குதான். கீழே புல் அழுந்தி ஒரு சிறு சந்து போலத் தெரியும். அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். வேலி போடும்போது முதலில் அங்கே ஆரம்பிக்க வேண்டும்.

பிடித்தால் என்ன தண்டனை?

மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அபராதத்தை 25,000இலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று சட்டம் அட்டவணைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த முயல் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு "நாலாம் அட்டவணைதானே, ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வேட்டைக்குப் பயன்பட்ட வண்டி, வலை, கூண்டு, டார்ச் எது பறிமுதலானாலும் அது அரசுச் சொத்தாகிவிடும். பைக்கில் முயலைத் தொங்கவிட்டு வந்து, முயலோடு பைக்கையும் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நீங்கள் முயலுக்கு வைத்த கண்ணியில் மயிலோ சிறுத்தையோ மாட்டிச் செத்தால், அது முதலாம் அட்டவணை விலங்கு. குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. "நான் முயலுக்குத்தான் வைத்தேன்" என்பது அங்கே எடுபடாது.

பயிரை அழித்தால் அனுமதி வாங்கிப் பிடிக்க முடியாதா?

சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவர் கருதினால், காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி தரலாம். நிற்கிற பயிரும் அந்தச் சொத்தில் அடக்கம். வனத்துறை வாட்சர் வாய்மொழியாக "சரி, பிடிச்சுக்கோங்க" என்பது அனுமதி ஆகாது. மத்திய அரசு 62ஆம் பிரிவின் கீழ் ஒரு விலங்கை ஒரு பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குத் தொல்லை விலங்கு என்று அறிவிக்கவும் முடியும். பீகாரில் நீலான், காட்டுப்பன்றி, உத்தரகண்டில் காட்டுப்பன்றி, இமாச்சலத்தில் குரங்கு என்று அப்படி அறிவிப்பு வந்ததுண்டு. கால் ஏக்கர் பீன்ஸுக்காக இந்த வாசலைத் தட்டுவதைவிட ஒரு சுருள் கம்பி வலை வாங்குவது சுலபம்.

ஊர்த் திருவிழாவுக்கு முயல் வேட்டை போவது வழக்கம்தானே?

தமிழ்நாட்டில் சில ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் போவார்கள், கர்நாடகத்திலும் யுகாதி சமயத்தில் வலையும் நாயுமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. வழக்கத்துக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. வேட்டை விஷயத்தில் தனி விலக்கு பெற்றிருப்பது நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினர் மட்டும்தான். திருவிழா என்று ஊரே திரண்டு போனாலும், வழக்கு என்று வந்தால் கையில் முயலோடு நின்றவர் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

கண்ணி அவ்வளவு மோசமா? எங்கள் தாத்தா காலத்தில் எல்லோரும் வைத்ததுதானே?

தாத்தா காலத்துக் கண்ணி நார்க்கயிறு. இப்போது வைப்பது பைக்கின் கிளட்ச் கம்பி. எங்கள் பக்கத்தில் ஒரு வேலி இடுக்கிலிருந்து எடுத்த ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். முறுக்கிய எஃகுக் கம்பி, ஒரு முனையில் சின்ன வளையம், அதற்குள் மறுமுனையை நுழைத்துச் சுருக்கு. நுனி ஒரு தைல மரத்தின் அடியில் கட்டியிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், புல் நிறத்துக்கு மங்கிப்போய், தெரியாதவர் கண்ணுக்குப் படவே படாது. இழுக்க இழுக்க இறுகும். ஒருமுறை இறுகினால் தானாகத் தளராது.

இந்தக் கம்பிக்கு முயல் எது, கீரி எது என்று தெரியாது. பன்னேர்கட்டா, ஆனேக்கல், கனகபுரா பக்கமெல்லாம் சிறுத்தை நடமாடுகிற இடம். முயலுக்கும் பன்றிக்கும் வைத்த கண்ணியில் இடுப்பு மாட்டி, உறுமி உறுமி, கம்பி சதைக்குள் இறங்கிச் செத்த சிறுத்தைகள் கர்நாடகத்தில் பல. காட்டுப்பூனை, முள்ளம்பன்றி, குள்ளநரி, உங்கள் பக்கத்து வீட்டு நாய், கன்றுக்குட்டி என்று எதுவும் மாட்டலாம். வைத்தவர் ஊருக்குப் போய்விடுவார், கம்பி மட்டும் மாதக்கணக்கில் வாயைத் திறந்து காத்திருக்கும். முயல் தின்ற பீன்ஸ் விதையின் விலையை நினைத்துப் பாருங்கள், அதற்கு இதுவா ஈடு?

குருணை மருந்தை (குருணையாக வரும் பூச்சிக்கொல்லி) மாவில் கலந்து வைக்கலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். மயில், மைனா, கோழி, நாய் எல்லாம் சாகும். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகும். வாரக் கடைசியில் குழந்தைகள் மண்ணில் விளையாடுகிற தோட்டம் அது.

வேலியில் நேரடியாக வீட்டுக் கரண்டைக் கொடுப்பதும் அப்படியே. அது மனிதனையும் யானையையும் கொல்கிறது, கொன்றுகொண்டே இருக்கிறது. சோலார் வேலி என்பது வேறு. அதில் ஒரு கருவி விட்டுவிட்டு நொடிப்பொழுது மட்டும் அதிர்ச்சி தரும், சுண்டிவிடுமே தவிர பிடித்துக்கொள்ளாது. ஆனால் முயலுக்காக மட்டும் அதைப் போடுவது வீண் செலவு. கீழ்க்கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும், அப்போது களை வளர்ந்து கம்பியில் பட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, எதுதான் வேலை செய்யும்?

கம்பி வலை. அதற்கு முன் ஒரு விஷயம் புரிந்தால் செலவு பாதியாகக் குறையும். முயலுக்குப் பிடித்தது இளம் செடி. அவரை, பீன்ஸ், தட்டப்பயறு, நிலக்கடலை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் நாற்று இவையெல்லாம் முளைத்ததிலிருந்து மூன்று நான்கு வாரம்தான் உண்மையான ஆபத்து. தண்டு முற்றி, செடி முழங்கால் உயரம் வந்துவிட்டால் முயல் ஓரத்தில் இரண்டு இலை கடிக்கும், அதனால் விளைச்சல் படுத்துவிடாது. ஆக, ஒரு ஏக்கரையும் வருஷம் முழுக்கக் காக்க வேண்டியதில்லை. எந்தப் பாத்தி இளசாக இருக்கிறதோ அதை மட்டும், அந்த நாலு வாரம் மட்டும் காத்தால் போதும்.

கணக்குப் பாருங்கள். இங்கே நிலத்தைக் குண்டேயில்தான் அளக்கிறோம். ஒரு குண்டே 33 அடிக்கு 33 அடி, சுற்றளவு 132 அடி. நாலு குண்டேயைச் சதுரமாக எடுத்தால் 264 அடி. முழு ஏக்கருக்கு ஏறத்தாழ 835 அடி. நாற்றங்காலையும் இளம் பாத்தியையும் ஒரே மூலையில் அமைத்துக்கொண்டால் சில சுருள் வலையை வருஷா வருஷம் கழற்றி மாட்டலாம்.

வலை வாங்கும்போது ஓட்டை ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கோழிக் கூண்டுக்கு அடிக்கிற அறுகோணக் கம்பி வலை, துத்தநாகப் பூச்சு உள்ளது. அத்திபெலே, ஆனேக்கல் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். நிறைய வேண்டுமானால் பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் விசாரித்துவிட்டு வாங்குங்கள். நாலு அடி அகலச் சுருள் எடுங்கள். மூன்று அடி நிமிர்ந்து நிற்கட்டும். மீதி ஒரு அடியைத் தரையோடு வெளிப்பக்கமாக மடித்துப் போட்டு, மேலே மண்ணும் கல்லும் வையுங்கள்.

ஏன் வெளிப்பக்கம்? முயல் வேலியைத் தாண்டிக் குதிக்க முதலில் நினைக்காது. அடியில் முகத்தை நுழைத்து, காலால் பறித்துப் பார்க்கும். வேலி ஓரத்தில் வந்து நிற்கும்போது அது நிற்பதே மடித்த வலையின் மேல்தான், பறிக்க இடம் கிடைக்காது. உள்பக்கம் மடித்தால் இந்தப் பலன் இல்லை. சில வாரத்தில் புல் வலைக்குள் பின்னி வளர்ந்து தானாகவே இறுகிவிடும்.

கம்பம் எட்டடிக்கு ஒன்று போதும், மூங்கிலே நிற்கும். வலை தொய்ந்தால் மட்டும் உடனே இழுத்துக் கட்டுங்கள். எல்லோரும் கோட்டை விடுகிற இடம் கேட். கேட்டுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தால் குட்டி முயல் தாராளமாக நுழையும். அடியில் ஒரு பலகையோ, ரப்பர் பட்டையோ அறையுங்கள். தண்ணீர் வாய்க்கால் வேலியைக் கடக்கும் இடத்தையும் பார்த்து அடையுங்கள்.

மாங்கன்று, கொய்யாக் கன்று பட்டையைக் கடிக்கிறதே?

கோடையில் புல் காய்ந்துவிட்டால் இது நடக்கும். தண்டைச் சுற்றி முழுவதுமாகப் பட்டை போய்விட்டால் கன்று பிழைக்காது. அதனால் கன்று நட்ட அன்றைக்கே அதே கோழி வலையில் இரண்டு அடி உயரத்துக்கு ஒரு குழல் செய்து, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்திவிடுங்கள். மூங்கில் தட்டியும் சரிதான். பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் கிழித்து மாட்டினால் உள்ளே ஈரம் தங்கும், கறையான் வரும், அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய புடவை, முட்டைக் கரைசல், டேப் ரிப்பன் இதெல்லாம்?

இவை எல்லாமே வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. புதிதாக ஏதோ ஆடுகிறது, புதிதாக ஏதோ நாறுகிறது என்று முயல் சில நாள் தள்ளி நிற்கும். ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் புடவைக்கு அடியில் குனிந்து வந்துவிடும். ஆனால் நமக்குத் தேவை நாலு வாரம்தானே. முதல் வாரம் புடவை, அடுத்த வாரம் மின்னும் சோலார் விளக்கு, அதற்கடுத்து பூண்டு மிளகாய்க் கரைசல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். அழுகின முட்டைக் கரைசலை செடி மேல் தெளிக்காமல் சுற்றி வரப்பில் துணியில் நனைத்துக் கட்டுங்கள், கீரையில் நாற்றம் ஏறாது. மழை பெய்தால் மறுநாளே திரும்பவும் வைக்க வேண்டும். சலூன் முடி தூவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காற்றில் பறந்து கீரைக்குள் போகிறது, அவ்வளவுதான்.

நைலான் மீன் வலை கட்டினால் மலிவாக முடிந்துவிடுமே?

தயவுசெய்து கட்டாதீர்கள். தரையோடு தளர்வாகக் கிடக்கிற நைலான் வலையில் முதலில் மாட்டுவது சாரைப்பாம்பு. செதில் வலைக்குள் போய்விட்டால் பின்வாங்க முடியாது, வெயிலில் துடித்துச் சாகும். அந்தச் சாரைதான் உங்கள் வரப்பு எலியைத் தின்றுகொண்டிருந்தது. நல்ல பாம்பு மாட்டினால் எடுத்துவிடப் போகிறவருக்கும் ஆபத்து. கம்பி வலை கொஞ்சம் விலைதான், ஆனால் விறைப்பாக நிற்கும், எதையும் சுற்றிப் பிடிக்காது.

நாய் வளர்த்தால் முயல் வராதா?

குரைக்கிற நாய் இருந்தால் வரத்து குறையும். ஆனால் ராத்திரியில் அவிழ்த்துவிட்டால் நாய் முயலைத் துரத்திக் கொல்லும், முயல் இல்லாத நாளில் அடுத்தவர் ஆட்டைக் கடிக்கும். சிறுத்தை உலவுகிற பக்கத்தில் நாயே அதற்கு இரை ஆகிவிடும். வீட்டை ஒட்டிய வேலிக்குள் வைத்துக்கொண்டு, வெறிநாய்த் தடுப்பூசி தவறாமல் போட முடியும் என்றால் வளர்க்கலாம். நாய்களை ஏவி முயல் பிடிப்பது, மேலே சொன்னபடி, வேட்டைதான்.

உண்ணிச்செடிப் புதரை முழுக்க அழித்துவிடட்டுமா?

பாத்தியிலிருந்து பதினைந்து அடி தூரம் வரை வெட்டித் திறந்த வெளியாக வையுங்கள். ஒளிய இடம் இல்லாத வெட்டவெளியைக் கடக்க முயல் தயங்கும். அதற்கு அப்பால் எல்லை ஓரத்தில் இருக்கிற புதரை விட்டுவிடுங்கள். கீரியும் காட்டுப்பூனையும் அங்கேதான் இருக்கும், கொம்பன் ஆந்தை அந்தப் பக்கத்து மரத்தில்தான் உட்காரும். முயல் எண்ணிக்கையைப் பல்லாயிரம் வருஷமாகக் கட்டுக்குள் வைத்திருப்பது அவைதான். ஹெசரகட்டா புல்வெளி போன்ற இடங்களில் இந்த ஏற்பாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். புல் இருக்கிறது, முயல் இருக்கிறது, மேலே கழுகு வட்டமிடுகிறது. நம் ஊரில் புல்வெளி எல்லாம் லேஅவுட் ஆகிறது. முயல் வந்து நிற்க மிச்சமிருக்கிற பச்சை நம் தோட்டம்தான்.

புல்லுக்குள் குட்டி முயல் தனியாகக் கிடக்கிறது. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடம்பு முழுக்க முடி இருக்கும். தாய் பகலில் பக்கத்திலேயே வராது. வந்தால் வாசம் பிடித்து நரியோ நாயோ வந்துவிடும். இருட்டின பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதனால் குட்டி அசையாமல் தனியாகக் கிடப்பதே அதன் பாதுகாப்பு.

எடுக்காதீர்கள். குழந்தைகள் ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுப்பால் புகட்டுவார்கள். கழிச்சல் கண்டு பெரும்பாலும் செத்துவிடும். களை வெட்டும்போது அகப்பட்டால், துணியால் பிடித்து சில அடி தள்ளி அடர்ந்த புல்லில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் வேலையை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். காயம் பட்டிருந்தால் மட்டும் வனத்துறையையோ, கெங்கேரி பக்கம் உள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனையையோ கூப்பிடுங்கள்.

முயல் பண்ணை வைத்திருக்கிறார்களே, அது எப்படிச் சரி?

அது ஐரோப்பிய முயலிலிருந்து வந்த வளர்ப்பு இனம். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்றவை. அதை வளர்க்கத் தடை இல்லை. காட்டு முயலைப் பிடித்துப் பண்ணையில் விட்டு வளர்க்கவும் முடியாது, அதோடு சேர்த்துக் குட்டி எடுக்கவும் முடியாது. குரோமோசோம் எண்ணிக்கையே ஒன்றுக்கு 44, இன்னொன்றுக்கு 48. "எங்க மாமா காட்டு முயலையே வளர்த்தாரு" என்று தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என நிற்பவரிடம் வாதாட வேண்டாம். குட்டியின் படத்தைக் கேளுங்கள். கண் மூடி, முடி இல்லாமல் பிறந்திருந்தால் அது வளர்ப்பு இனம்.

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கண்ணி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

விலங்கு மாட்டியிருந்தால் கிட்டே போகாதீர்கள், கம்பியை வெட்டாதீர்கள். இடுப்பில் அரைகுறையாகக் கம்பியோடு ஓடிப்போனால் அது காட்டுக்குள் மெல்லச் சாகும். சிறுத்தையாக இருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து. கூட்டம் சேரவிடாமல் தள்ளி நின்று, கர்நாடக வனத்துறையின் உதவி எண் 1926ஐ அழையுங்கள்.

வெறும் கண்ணியாக இருந்தால் இடம் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துவிட்டு அதே எண்ணுக்கோ ரேஞ்ச் ஆபீஸுக்கோ சொல்லுங்கள். சர்வே நம்பர், கிராமம், ஹோபளி (தாலூகாவின் உட்பிரிவு), தாலூகா நாலையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும். கன்னடம் தடுமாறினால் "உருளு ஹாகித்தாரெ" என்ற இரண்டு சொல் போதும், கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்கள். வைத்தவர் யார் என்று தெரிந்தாலும் நீங்களாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அவர் கூலிக்கு வந்த யாரோவாக இருப்பார், வைக்கச் சொன்னவர் வேறொருவராக இருப்பார். உங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இங்கே கண்ணி வைக்கக் கூடாது, வேலி ஓரத்தில் கம்பி கண்ணில் பட்டால் எனக்கு உடனே போன் பண்ணுங்கள்.